கடதாசி முள்

"கை கவனம், றெஜீனா. கத்தரிக்கோல் வெட்டிப்போடும். இந்தாரும், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் செய்யும்."

முற்றத்தில் உட்கார்ந்து முள்முடி கட்டிக்கொண்டிருந்த மனைவியின் கையில் வஸ்தியாம்பிள்ளை கோப்பையைக் கொடுத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கமலாசனிக்கு ஏக்கமாகப் போய்விட்டது.

"குடுத்துவைச்சனீங்களக்கா! என்ர மனிசன் என்னை நீர் எண்டு மரியாதையா ஒரு நாளெண்டாலும் கூப்பிட்டிருப்பாரே?" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் குசினிக்குள் போனாள்.

அவள் மறைந்ததும் வஸ்தியாம்பிள்ளை குனிந்தான். "ஒரு முள்ளெண்டாலும் என்ர தலையில குத்திச்சோ, தெரியுமெல்லேடி?"

"கடதாசி எங்கை குத்தப்போகுது?" என்றாள் றெஜீனா, தலை நிமிராமல்.

எண்பத்திரண்டாம் வருடத்துத் தவக்காலம். பெரிய வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள். உருத்திரபுரத்துக்கு அப்பால், வாய்க்கால் கரையிலிருந்த சின்னக் கோயிலின் திருப்பாடுகள் நாடகத்தில் ஏழு வருடமாக வஸ்தியாம்பிள்ளைதான் இயேசு. ஏழு வருடமாக முடி கட்டுகிறவளும் அவன் மனைவிதான். சீமெந்துப் பையின் கடதாசியை நனைத்து, முறுக்கி, கோதுமை மாப் பசை பூசி, தேயிலைச் சாயம் தடவிக் காயவைத்தால் தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அது அசல் முள்.

நாற்பது நாளும் அவன் மச்சம் மாமிசம் தொடமாட்டான். ஒரு நேரச் சாப்பாடுதான். அந்தப் பசியை அவன் எங்கே தீர்த்துக்கொண்டான் என்பது றெஜீனாவின் முதுகுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவன் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதன்.

போன கிழமை அவள் பங்குத் தந்தையான சுவாமியிடம் போய் அழுதாள். சுவாமி சிரித்தே விட்டார்.

"வஸ்தியாம்பிள்ளையோ? அவன்ர வாயில இருந்து ஒரு கெட்ட சொல்லு வந்து நான் கேட்டதில்லை, பிள்ளை."

"கேட்டீங்களெண்டால், சுவாமி?"

"என்ர காதால கேட்டனெண்டால் நானே உம்மைப் பூவரசங்குளத்துக்கு, உம்மட அக்கா வீட்டை, பஸ் ஏத்தி விடுறன். ஒருத்தரும் மறிக்க விடமாட்டன்."

சுவாமி சொன்னால்தான் அக்காவும் வைத்திருப்பாள். போன முறை றெஜீனா தானாகப் போனபோது, புருசனோடு போய் வாழச் சொல்லி அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியவள் அந்த அக்காதான்.

முள்ளின் வளைவைப் பார்த்துச் செய்வதற்கென்று வேலியிலிருந்து காரைமுள் கொப்பொன்றை முறித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். பொழுதுபட முடி தயாராகிவிட்டது. வஸ்தியாம்பிள்ளை தலையில் வைத்துப் பார்த்தான், எங்கும் உறுத்தவில்லை. றெஜீனா வெறும் கொப்பை அடுப்புக்குள் தள்ளிவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டு நின்றாள்.

பெரிய வெள்ளி மத்தியானம் கோயில் முற்றம் சனத்தால் நிறைந்துவிட்டது. சுவாமி முன்னால் கதிரையில் இருந்தார். சேவகன் வேடம் போட்ட தங்கராசா முடியை வஸ்தியாம்பிள்ளையின் தலையில் வைத்து, வழக்கம்போல் தடியால் அமர்த்தினான்.

நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. பிறகு மூன்று, நாலு.

"சிவப்பு மையோ?" என்று யாரோ கேட்டார்கள்.

மை இல்லையென்று றெஜீனாவுக்குத் தெரியும். ஒவ்வொரு கடதாசி முள்ளுக்குள்ளும் ஒரு காரை முள்ளை வைத்து முறுக்கியவள் அவளல்லவா! சும்மா வைத்தால் தெரியாது. அமர்த்தினால் கடதாசியைக் கிழித்துக்கொண்டு வரும்.

வீட்டுக்குள் காலில் ஒரு கல் தட்டினாலே அவன் வாயில் வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. இப்போது கத்தப்போகிறான். சுவாமி கேட்கப்போகிறார். வீட்டில் கட்டிலுக்குக் கீழே அவளுடைய துணிப்பை கட்டித் தயாராக இருக்கிறது. கத்து, கத்து என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

வஸ்தியாம்பிள்ளை கண்ணை இறுக மூடினான். திறந்ததும் சனத்துக்குள் அவளைத் தேடிப் பிடித்து ஒருதரம் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்து, கடைசியில் சிலுவையில் தொங்கும்போது சொல்லவேண்டியதை அப்போதே சொன்னான். என்ன செய்கிறோமென்று தெரியாமல் செய்கிற இவர்களை மன்னித்துவிடும் என்று தழுதழுத்த குரலில் பிதாவிடம் மன்றாடினான்.

பெண்கள் மாரில் அடித்து அழுதார்கள். தங்கராசா தடியை எறிந்துவிட்டு அவன் காலில் விழுந்தான். சுவாமி கதிரையை விட்டு இறங்கி மண்ணில் முழங்காலில் நின்றார். றெஜீனா மட்டும் கல்லாய்ச் சமைந்துபோனாள்.

மூன்று மணிக்குச் சனம் அவனை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டது. போகும்போது சுவாமி றெஜீனாவின் காதுக்குள் சொன்னார்: "இப்பிடிப்பட்டவனைப் பற்றியோ பிள்ளை என்னட்டை வந்து அப்பிடிக் கதைச்சனீர்? நாளைக்கு வந்து பாவசங்கீர்த்தனம் செய்யும்."

கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டான் வஸ்தியாம்பிள்ளை. கட்டிலுக்குக் கீழே துருத்திக்கொண்டு கிடந்த துணிப்பையைக் காலால் வெளியே இழுத்தான். முடியைக் கையில் எடுத்து, ஒரு கடதாசி முள்ளை நகத்தால் மெதுவாக உரித்துப் பார்த்தான்.

றெஜீனா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அவ்வளவு சனத்துக்கு முன்னால எல்லாரையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்டனீங்களெல்லே? என்னையும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

முடியை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்:

"தெரியாமச் செய்தவையை மட்டுந்தானேடி மன்னிக்கச் சொன்னனான்."