பச்சை வெல்வெட் கோட்டு

பழைய உடுப்புக் கடையின் சன்னல் வெயில் பச்சை வெல்வெட் கோட்டின் தோளில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஊருக்கெல்லாம் கோட்டு தைத்துக் கொடுக்கும் தையற்காரி, தனக்கென்று ஒன்று கிடைத்த பரபரப்பிலும் அதை உள்புறம் புரட்டித் தையலைத்தான் முதலில் பார்க்கிறாள். ஊர் சுற்ற வந்த இடத்திலும் தொழில் புத்தி போகுமா? வெளியே சுற்றுலாப் பேருந்து ஹாரன் அடிக்கிறது. "பஸ்காரன் நம்மள விட்டுட்டுப் போயிடுவான்டி, சீக்கிரம் போட்டுப் பாரு!" என்று கூட வந்த அண்ணி விரட்டுகிறாள். அவசரமாகக் கைகளை நுழைக்கிறாள். தோளும் இடுப்பும் அளவெடுத்துத் தைத்தது போல் உட்காருகின்றன. கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றியதும் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அடியே, உள்பக்கத்த வெளிய போட்டிருக்க!" தையற்காரி குனிந்து பார்க்கிறாள். சிவப்புப் பட்டு லைனிங் வெயிலில் தகதகவென்று மின்னுகிறது. "ஒரு கோட்டு வெலைக்கு ரெண்டு கோட்டு அண்ணி!" என்று கூவியபடி, கழற்றாமலே கல்லாவுக்கு ஓடுகிறாள்.