கூடும் இடம்

தீ மணி அடித்தால் மூன்று நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். முதியோர் பகல் இல்லத்துக்கு உரிமம் கொடுக்கச் சட்டம் கேட்பது அது. ஒத்திகையில் மரியசூசைக்கு மட்டும் ஏழு நிமிடம் ஆயிற்று. வாதத்தில் இடது பக்கம் விழுந்த மனிதர்.

"உங்க ஒருத்தராலே உரிமம் போயிடும்ண்ணே. மகளை வேற இடம் பார்க்கச் சொல்லுங்க," என்றாள் பொறுப்பாளர் லீலா.

வேறு இடம் கிடையாது. மகள் தையல் கம்பெனி வேலையை விட வேண்டியதுதான். அவர் கும்பிட ஒரு கைதான் எழுந்தது.

லீலாவே வழி கண்டுபிடித்தாள். சோதனை பார்க்கும் அதிகாரி எந்த நாளும் வரலாம் என்பதால், மறுநாள் காலையிலிருந்து வாதாமரத்தடியில் அவருக்கு நாற்காலி போட்டாள். மேலே 'தீ விபத்தின்போது கூடும் இடம்' என்ற பலகை. சாப்பாடும் மாத்திரையும் அங்கேயே வந்தன.

"கொடுத்து வச்சவரய்யா! தீப்பிடிக்கும் முன்னாடியே தப்பிச்சிட்டீர்," என்று ஜன்னலிலிருந்து கத்தினார் கதிர்வேலு. உள்ளே எல்லோரும் சிரித்தார்கள்.

பதினாறாம் நாள், உணர்வில்லாத கையில் எறும்பு ஊர்வதை மரியசூசை பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. எல்லோரும் அவரை நோக்கி ஓடி வந்தார்கள். அதிகாரி தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு. கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாக எழுதத் தொடங்கியவர், மரியசூசையின் காலைக் கவனித்தார்.

"இந்தக் காலோட எப்படிங்க இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தீங்க?"



"உள்ளே போயிருந்தாத்தானே சார், வெளியே வர்றதுக்கு?"

அதிகாரியின் பேனா நின்றது. எறும்பு முழங்கையைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.