பேப்பர் சிக்கிடுச்சா?

அலுவலகக் கேமராவில் பதிவாவதை ஆட்களின் முகத்தையும் குரலையும் மட்டும் மாற்றி அன்று மாலையே டிவியில் நகைச்சுவைத் தொடராக ஒளிபரப்பினார்கள். எந்த அலுவலகம் என்று யாருக்கும் தெரியாது.

திரையில், பிரிண்டர் பக்கத்தில் ஒருவன் தயங்கித் தயங்கிக் காதலைச் சொல்ல வாயெடுத்தான். வழுக்கைத்தலை மேனேஜர் நடுவில் புகுந்தார். "என்னப்பா, பேப்பர் சிக்கிடுச்சா?" என்று பிரிண்டரைக் கழற்றத் தொடங்கினார்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த குணசீலனுக்குச் சுருக்கென்றது. காலையில் அதைச் செய்தது அவர்தான். உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தார்.

மனைவி வசுமதி கண்ணில் நீர்வரச் சிரித்தாள். "இந்த ஆளைக் கட்டிக்கிட்டவ பாவங்க!"

அவரும் சிரித்துவைத்தார். திரையில் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கூச்சத்தில் குணசீலனும், பழக்கதோஷத்தில், அதையே செய்துகொண்டிருந்தார்.

வசுமதியின் சிரிப்பு நின்றது.

"நியூஸ் பாக்கலாங்க," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.