ஃபைட்டரைக் கடைசியாக விட வேண்டும்

அந்த அட்டையை அவள் எடுத்திருக்க வேண்டாம்.

கை சும்மா இருக்கவில்லை. கொளத்தூர் மீன் கடையில் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பாட்டிலுக்கு ஒன்றாக ஃபைட்டர் மீன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடுவே ஒரு துண்டு அட்டை. எதற்கென்று பார்க்க ஒன்றை உருவினாள்.

நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று பார்த்தன.

செவுள்கள் விரிந்தன. இரண்டும் கண்ணாடியில் வந்து முட்டின.

அவசரமாக அட்டையைச் செருகினாள். அது சரிந்து தரையில் விழுந்தது.

பக்கத்தில் நின்ற நிரஞ்சனி குனிந்து எடுத்தாள். ஒரே தடவையில் சரியாகச் செருகினாள்.

பதினோரு வயது. ஒன்றும் சொல்லாமலே ஆளைச் சாகடிக்கிற வயது.

இந்தப் பெண்ணின் அப்பாவைத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்.

அல்லது போவதில்லை.

"பாப்பா சரின்னு சொல்லட்டும், அப்புறம் தேதி பாக்கலாம்" என்று தயாளன் சொல்லிவிட்டார். பாப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதுவரை அவளை ஆன்ட்டி என்றுகூடக் கூப்பிட்டதில்லை.

இதில் போன ஞாயிறு அவள் செய்துவைத்த வேலை வேறு.

நிரஞ்சனியின் தொட்டியில் ஒரே ஒரு ஃபைட்டர். பாவம், தனியாக இருக்கிறதே என்று இரண்டு கப்பி மீன்கள் வாங்கிப் போனாள். கடையிலேயே அழகானவை. ஆரஞ்சு நிறம், விசிறி மாதிரி வால்.

மறுநாள் வால் இல்லை. அதற்கு மறுநாள் மீனே இல்லை.

தயாளன் போனில் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த முறை பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்.

அதனால்தான் இன்று, நீயே வந்து எடு என்று கூப்பிட்டாள். நிரஞ்சனி செருப்பை மாட்டிக்கொண்டாள். தன்னோடு வருகிறாளா, மீனுக்காக வருகிறாளா என்று ஆட்டோவில் வழி முழுக்க அவளுக்கு இதே யோசனை.

கடைக்காரர் ஒரு தொட்டியைத் தட்டினார். "டைகர் பார்ப் எடுத்துக்க பாப்பா. சும்மா ஓடிக்கினே இருக்கும்."

"வாலைக் கடிக்கும்" என்றாள் நிரஞ்சனி. அடுத்த தொட்டிக்குப் போனாள்.

நீள வால் வேண்டாம். பளிச்சென்ற நிறம் வேண்டாம். மேலேயே நீந்துவது வேண்டவே வேண்டாம், மேல்தண்ணீர் ஃபைட்டருடையது.

அவள் தன் ஷாலைப் பார்த்தாள். மாம்பழ மஞ்சள். காலையில் எதை எதையோ போட்டுப் பார்த்துக் கழற்றி, கடைசியில் எடுத்தது. அதைச் சுருட்டிக் கைக்குள் பிடித்துக்கொண்டாள். உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில் நிரஞ்சனி எடுத்தது கோரி மீன்கள். ஒரு சின்னக் கூட்டம். மண் நிறம், குட்டி மீசை. அடியில் மணலைக் கிளறிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல்.

ஓஹோ, இப்படித்தான் இருக்க வேண்டுமா அந்த வீட்டில்?

அவளால் முடியாது. அவள் சத்தமாகச் சிரிப்பவள். குக்கர் விசிலோடு சேர்ந்து பாடுபவள். இன்றைக்கே தயாளனிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வேண்டாம், விட்டுவிடலாம் என்று.

வீட்டில் தயாளன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி.

ஹாலில் எல்லாம் நிரஞ்சனியின் அம்மா வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தன. ஜன்னலை ஒட்டிய சோபாவும் அப்படித்தான். அதன் ஜன்னலோர மூலையில் யாரும் உட்காருவதில்லை. அது யாருடைய இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. அவள் எப்போதும் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவாள். அதுவும் நுனியில்.

இன்று உட்காரவும் இல்லை. நின்றபடியே மீன் பையின் ரப்பர் பேண்டை அவிழ்க்கப் போனாள்.

"இருங்க."

நிரஞ்சனி பையை வாங்கித் தொட்டியில் மிதக்க விட்டாள். பிறகு ஃபைட்டரை வலையில் பிடித்து ஒரு ஜக்குக்கு மாற்றினாள். முழங்கை வரை கையை விட்டு, வலப்பக்கக் கல்லை இடப்பக்கம் வைத்தாள். செடியைப் பிடுங்கிப் பின்னால் நட்டாள். மண்சட்டியைத் திருப்பினாள். தண்ணீர் கலங்கித் தெளிந்தது. அதன் பிறகுதான் கோரிகளைத் திறந்துவிட்டாள்.

ஜக்குக்குள் ஃபைட்டர் சுற்றிச் சுற்றி வந்தது.

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கல்லையெல்லாம் ஏன் மாத்தற?"

"பழைய மாதிரியே இருந்தா எல்லாம் தன்னோட இடம்னு நினைக்கும். துரத்தும்." நிரஞ்சனி ஜக்கை எடுத்து மெல்லச் சாய்த்தாள். "மாத்திட்டா அதுக்கும் புதுசு."

ஃபைட்டர் தொட்டிக்குள் இறங்கியது. கல் இருந்த இடத்துக்குப் போனது. கல் இல்லை. நின்றது. கீழே ஒரு கோரி அசைந்தது. ஃபைட்டர் திரும்பிப் பார்த்தது.

செவுள் விரியப் போகிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அது போய்ச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தது. செடியைச் சுற்றியது. அதற்கு வேறு வேலை இருந்தது.

நிரஞ்சனி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். சோபாவைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு போய் ஜன்னலோர முனையைப் பிடித்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் தூக்குங்க."

அவ்வளவு நேரமும் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்த கைப்பையை அவள் கழற்றிக் கீழே வைத்தாள்.