படி இறங்கும் பயிற்சி

"குதிகால்! குதிகால்தான் முதல்ல தரையில படணும். துடைப்பத்தை இழுக்கிற மாதிரி காலை இழுக்காதீங்க சார்!"

இப்படிக் கத்திக் கத்தியே அந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்குக் 'குதிகால் டீச்சர்' என்று பெயராகிவிட்டது. நோயாளிகள் வைத்த பெயர். அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வீட்டு மனிதர் அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. அதனால் வாரம் மூன்று நாள் டீச்சரே வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இவ்வளவுதான் டீச்சர். முடியலை" என்று நாற்காலியில் சாய்ந்தார் அவர்.

"முடியும். நேத்து இதைவிட நல்லாவே நடந்தீங்க. எழுந்திருங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி.

அந்த அம்மாவை டீச்சருக்கு மிகவும் பிடித்திருந்தது. கணவர் தண்ணீர் கேட்டால் கையில் தரமாட்டார். எழுந்து போய் எடுக்கட்டும் என்று எதிர் மேஜையில் வைப்பார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னால், "வலது கையால முயற்சி பண்ணுங்க" என்பார். ஆனால் குளியலறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிப் போவது அந்த அம்மாதான்.

பார்க்க வந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "கட்டின புருஷனை இப்படியா வாட்டுவா? கல்நெஞ்சக்காரி!"

டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. "உட்கார வெச்சு ஊட்டிவிட்டா மூட்டு இறுகிடும்மா. கை கால் வேலையையே மறந்துடும். இவங்க செய்யறதுதான் வைத்தியம். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

அந்த அம்மா பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

டீச்சருக்கு ஒரே ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. படுக்க வைத்துச் சோதித்தால் காலில் நல்ல பலம். முழங்கால் நீள்கிறது, பாதம் மேலே எழும்புகிறது. ஆனால் தனியாக நடக்கச் சொன்னால் மட்டும் மனிதர் துவண்டுவிடுகிறார்.

ஒருநாள் அவள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவர் ஊன்றுகோல் இல்லாமல் பால்கனி வரை நடந்து, கடையிலிருந்து திரும்பும் மனைவியை எட்டிப் பார்த்தார். விறுவிறுவென்று திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார்! இதென்ன நாடகம்?"

அவர் அசடு வழிந்தார். "நான் தேறிட்டா நீங்க வரமாட்டீங்களே டீச்சர்!"

"எனக்கு வேற நோயாளியே இல்லைன்னு நினைச்சீங்களா?" என்று சிரித்தாலும், அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சொகுசு கண்டுவிட்டார் மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது கவனித்தாள். மேல் அலமாரியில் டப்பாவை வைக்கப்போன அந்த அம்மா, கையைப் பாதிக்கு மேல் தூக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கியிருந்தது.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே அந்த மனிதரிடம் போனாள்.

"உங்களைத் தாங்கித் தாங்கி அம்மா தோள் போச்சு சார். நடக்கிற கால் இருந்தும் இன்னும் எத்தனை நாளைக்கு அவங்களைப் பிடிச்சு வெச்சுக்கப் போறீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. சொன்னது அதிகமோ என்று வழி நெடுக அவளுக்கு உறுத்தியது.

மறுமுறை வந்தபோது ஆளே மாறியிருந்தார். கதவைத் திறந்ததே அவர்தான். சொன்ன பயிற்சியை முடித்துவிட்டு, சொல்லாததையும் கேட்டார்.

"கையில எடையோட படி இறங்கணும்னா எப்படி டீச்சர்?"

"கைப்பிடியை இடது கையால பிடிச்சுக்குங்க. இறங்கும்போது பலவீனமான கால் முன்னாடி. முதல்ல வெறுங்கையோட பழகுங்க."

பழகினார். அப்புறம் தண்ணீர் பாட்டில், அப்புறம் அரிசிப் பை. வியர்த்துக் கொட்டினாலும் நிறுத்தவில்லை. அந்த அம்மாவின் தோளுக்கும் டீச்சர் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். அவருக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்ததும் அந்த மனிதர்தான்.

கடைசி நாள். "இன்னிக்கு எனக்குப் பரீட்சை. வந்து பாருங்க" என்றார். உள்ளே போய் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். வலது கையில் பெட்டி, இடது கையில் கைப்பிடி. நிதானமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் மனைவி, அவருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்தபடி டீச்சர்.

கீழே டாக்சி நின்றிருந்தது. யாரையும் தொடவிடாமல், பெட்டியைத் தானே தூக்கி வண்டிக்குள் வைத்தார். டீச்சர் கைதட்டிவிட்டாள்.

"அடேயப்பா! முழு மார்க் சார்! எந்த ஊருக்குப் பயணம், ரெண்டு பேரும்?"

அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். "மாத்திரையை மறந்துடாதீங்க. பயிற்சியை விட்டுடாதீங்க" என்றார். "சரி" என்று தலையாட்டிவிட்டு, வெளியே நின்றபடியே கதவைச் சாத்தினார் அவர்.

"அவ மட்டும்தான் போறா டீச்சர். என்னோட வாழ்ந்தது போதும்னு, நான் விழுந்த அன்னிக்குக் காலையிலேயே அவ கட்டி வெச்ச பெட்டி இது; நான் தனியா நடக்கிற வரைக்கும் இருக்கேன்னு சொன்னா, இருந்தா."