நீச்சல் கட்டாயம்

"கடல் அறிவியல்ல சேர நீச்சல் கட்டாயம்னு போட்டே ஆகணும்!" மேசையைத் தட்டினார் மீன்வளப் பேராசிரியர்.

"எதுக்கு சார்?" என்றார் கடற்பாசிப் பாடம் எடுக்கும் பேராசிரியை. "எங்க காலத்துல நீந்தத் தெரிஞ்சவங்களோட தெரியாதவங்களைச் சேர்த்துத்தான் படகுல அனுப்பினாங்க. என்ன குறைஞ்சு போச்சு?"

"தண்ணில விழுந்தவங்களைக் கேட்டுப் பாருங்க மேடம், தெரியும்."

பேராசிரியை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

'பாவம், விழுந்தது இந்த அம்மாதான் போல' என்று நினைத்தார் புதிதாக வந்திருந்த டீன். பேச்சை மாற்றி, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே பேராசிரியை காரைக் கிளப்பினார். மீன்வளப் பேராசிரியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்க, சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. அன்னிக்கு இந்த விதி இருந்திருந்தா உங்களை வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்க. நான் யாரோட முடியைப் பிடிச்சுக் கரைக்கு இழுத்திருப்பேன்? யாரைக் கட்டியிருப்பேன்?"

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"அதனாலதாம்மா எனக்குப் பயம். எல்லாப் பசங்களுக்கும் பக்கத்துல உன்னை மாதிரி ஒருத்தி இருப்பாளா?"