ஆர்சனலோ, யுனைட்டெட்டோ

டீட்டிகோன் நகரத்து வீட்டின் நான்காம் மாடியில் மாலை வெயில் சோபாவின் பாதியில் விழுந்து கிடக்கிறது. மறுபாதியில், நிழலில், கிஷோபன் உட்கார்ந்திருக்கிறான். தன் கல்யாணத்துக்கு அத்தான் வரவில்லை என்ற கோபத்தில் மூன்று வருடங்களாக இந்தப் படியேறாதவன், இன்று அக்கா சாருஜா அழுது கேட்டதால் வந்திருக்கிறான். வந்ததிலிருந்து அவனும் அவள் கணவன் பிருந்தாபனும் தொலைக்காட்சியைத்தான் பார்க்கிறார்கள். இங்கிலாந்து கால்பந்து லீக்கில் இதுவரை விளையாடியவற்றில் எந்த அணி பெரியது என்று அதில் யாரோ கேட்கிறார்கள்.

"ஆர்சனல்தான். ஒரு சீசன் முழுக்க, முப்பத்தெட்டு ஆட்டத்திலயும் தோக்கேல்லை," என்கிறான் பிருந்தாபன், திரையிடம் சொல்வதுபோல.

"அதில பன்னிரண்டு சமநிலை. யுனைட்டெட் ஒரே வருசத்தில மூண்டு கிண்ணம் எடுத்தது."

"தோக்காமல் இருக்கிறது லேசான வேலையோ?"

"சிலபேருக்கு விட்டுக்குடுக்கவே தெரியாது," என்கிறான் கிஷோபன்.

சமையலறை வாசலில் சாருஜாவின் கைத்தட்டில் கோப்பைகள் கிலுங்குகின்றன. கீழே ஒரு ரயில் நீளமாகக் கடந்து போகிறது. தம்பியின் கை மெல்ல ஜாக்கெட்டை எடுக்கிறது. பிருந்தாபன் ரிமோட்டை அழுத்துகிறான், சத்தம் நின்றுபோகிறது.

"சரி, யுனைட்டெட்தான். இருந்து தேத்தண்ணியைக் குடி."

ஆர்சனலை அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்து சாருஜா கண்டதில்லை. கிஷோபன் ஜாக்கெட்டை மடியில் வைத்தபடி, முதன்முறையாக அத்தானின் முகத்தைப் பார்க்கிறான்.

"ஒரே சீசனில நூறு புள்ளி எடுத்த சிட்டி அணியும் இருக்கு, அத்தான்."